முப்பத்திரண்டாவது பங்கு

எனக்கு மலை பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் பதினோரு வருஷம் போலீஸ் உத்தியோகம் பார்த்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அருவியில் ஒருநாள் குளித்து, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு மலை அழகுதான். எனக்கு அது இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன இடம். சங்கராபுரம் பக்கத்தில் சமதளத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ஏட்டாக மேலே போனவன், தோளில் நட்சத்திரம் ஏறி எஸ்.எஸ்.ஐ. ஆன பிறகும் அங்கேயே கிடந்தேன். அந்த நட்சத்திரத்தை மலைக்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசிவரை அவர்களுக்கு நான் ஏட்டய்யாதான்.

எங்கள் ஸ்டேஷனுக்கு ஐம்பதுக்கு மேல் குக்கிராமங்கள். ஆட்கள் பன்னிரண்டு பேர், அதில் மூன்று பேர் எப்போதும் பந்தோபஸ்துக்குக் கீழே இறங்கியிருப்பார்கள். ஜீப் ஒன்று, அது ஏறுவதைவிட நாங்கள் தள்ளுவது ஜாஸ்தி. குன்னிமேடு என்று ஒரு ஊர். வெள்ளிமலை வரை பஸ், அங்கிருந்து ஓடை வரை ஜீப், ஓடையைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் நடை. அங்கே ஒருவன் ஒருவனை வெட்டினால், எங்களுக்குத் தகவல் வருவதற்குள் காயம் ஆறிவிடும். ஃபோன் பேச ஊருக்கு மேலே உள்ள ஒரு பாறையில் ஏறி நிற்க வேண்டும். ஊர்க்கவுண்டர் பூமாலை தினமும் காலை எட்டு மணிக்கு அதில் ஏறி அரைமணி நேரம் நிற்பார். ஊருக்கு வருகிற சேதி அந்த அரைமணியில் வந்தால் உண்டு.

இதெல்லாம் மேலிடத்துக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மாசத்துக்கு இத்தனை சாராயக் கேஸ் என்று கேட்பார்கள். காய்ச்சுகிறவன் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வெல்ல மூட்டையைக் கீழேயிருந்து வண்டியில் ஏற்றி அனுப்புகிற முதலாளிக்கு டவுனில் மாடிவீடு. அவனுடைய ஆட்கள் காட்டுக்குள் வெல்லத்தைக் கரைத்துச் சாராய ஊறல் போடுவார்கள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அங்கே சாம்பலும் உடைந்த பானையும்தான் மிச்சம். சாம்பலைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் நிறுத்த முடியாது. ஆள் வேண்டும்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதற்கு ஒரு வழி பண்ணி வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் பூமாலைக்கு ஃபோன் போட்டு, ஒரு ஆள் வேண்டும் என்றால் போதும். மறுநாள் குன்னிமேட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்பார். ஊறலோடு பிடிபட்டதாக எழுதுவோம். அவர் கோர்ட்டில் ஒப்புக்கொள்வார். கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை ஆகும், கூட ஒரு சின்ன அபராதம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். எங்களுக்கு ஒரு கேஸ் ஆயிற்று. அவர்களுக்கும் ஒரு மாசம் நிம்மதி, காக்கிச் சட்டை வந்து அடுப்புப் பானையை உதைக்காது. இதை நான் ஆரம்பிக்கவில்லை. ஆனால் பதினோரு வருஷம் நடத்தினேன். யோக்கியன் வேஷம் போட எனக்கு இப்போது வயசும் இல்லை, தெம்பும் இல்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். குன்னிமேட்டில் முப்பத்தொரு வீடு, அவர்கள் பேச்சில் முப்பத்தொரு குடி. பாதை வெட்டுவதானாலும், செத்தவருக்குக் குழி எடுப்பதானாலும், மாரியம்மன் கோயிலுக்குக் கூரை மாற்றுவதானாலும் கோயில் பக்கத்து வீட்டிலிருந்து வரிசையாக ஒரு குடிக்கு ஒரு முறை. போலீஸ் கேஸையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். முறை வந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர் கிளம்புவார். அவர் கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு கைப்பிடி சாமை அவர் துண்டில் விழும். பூமாலை கூடவே வந்து, அவர் வெளியே வரும்வரை கோர்ட் வாசலில் காத்திருப்பார். யாரும் அழமாட்டார்கள், யாரையும் திட்டமாட்டார்கள். மழைக்காலத்தில் பாதை அடைத்தால் மண்வெட்டி எடுப்பதுபோல அதையும் செய்தார்கள்.

திருவிழாவில் ஆடு வெட்டினால், கறியை அதே வரிசையில் தேக்கிலையில் பங்கு வைப்பார்கள். கேரளாவுக்கு வேலைக்குப் போன ஒருவன் தன் முறைக்கு வராமல் இருந்துவிட்டான். அந்த வருஷம் அவன் வீட்டுக்கு இலை விழவில்லை. அவன் பெண்டாட்டி கேட்கவும் இல்லை.

நான் போன இரண்டாவது வருஷம் குன்னிமேட்டு ராசுவைக் கரடி அடித்தது. பலாமரத்தடியில் விடியற்காலையில் எதிர்ப்பட்டு இடது தொடையைக் கிழித்துவிட்டது. நான் வேறொரு விசாரணைக்காக அப்போதுதான் ஊருக்குள் நுழைந்திருந்தேன். ஓடையில் வெள்ளம். போர்வையில் கட்டித் தூக்கியவர்கள் கரையில் நின்றுவிட்டார்கள். என்ன வேகத்தில் செய்தேனோ, ராசுவை முதுகில் கட்டிக்கொண்டு, பூமாலை முன்னால் கயிறு பிடிக்க, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். ராசு பிழைத்தான். கால் மட்டும் பழையபடி ஆகவில்லை, கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். என் முழங்காலுக்கும் அன்றைக்குத்தான் கேடு வந்தது.

அந்த வருஷத் திருவிழாவில் முப்பத்திரண்டு இலை போட்டார்கள். கடைசி இலை எனக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி ஆண்டாளிடம் கொடுத்து, எனக்கும் மலையில் ஒரு பங்கு இருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவறாமல் வாங்கினேன். நான் போக முடியாத வருஷம் யாராவது பஸ்ஸில் கொண்டுவந்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுப் போவார்கள். சர்வீஸில் எனக்கு மெடல் ஒன்றும் வந்ததில்லை. அந்த இலையை நான் மெடலாகத்தான் நினைத்திருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த வருஷம் ஞாபகம் இருக்கும். செத்தது கீழே, கெடுபிடி முழுக்க மேலே. ஒரு கேஸ் கேட்ட இடத்தில் நாலு கேட்டார்கள். பூமாலையிடம் ஒரே மாசத்தில் மூன்றாவது தடவையாக ஆள் கேட்டேன். முறை ராசு வீட்டுக்கு வந்திருந்தது. அவனால் ஆறு கிலோமீட்டர் நடக்க முடியாது. அவன் மனைவி காசியம்மாள் குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தாள். மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்து நின்றது அவன் மகள் சந்தியா.

இருபது வயசு. பன்னிரண்டாவது முடித்தவள், அந்த ஊரிலேயே அதுதான் பெரிய படிப்பு. எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடவில்லை என்பது உண்மை. வேறு ஆள் இல்லையா என்று கூட வந்திருந்த பூமாலையிடம் கேட்டேன். அந்த வூட்டு முறைங்க, வேற வூட்டைக் கேட்டா வரிசை கெட்டுப்புடும் என்றார். மேலிடத்திலிருந்து காலையிலேயே இரண்டு ஃபோன் வந்துவிட்டது. எழுதினேன். அவள் பயந்து போயிருந்தாளா என்றுகூட நான் கவனிக்கவில்லை. எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன்.

"ஒண்ணும் ஆவாதும்மா. சாயங்காலம் வூட்டுக்குப் போயிடலாம்."

சாயங்காலம் போகத்தான் செய்தாள். நாள் முழுக்கக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள், காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம் பேச்சுக் கொடுத்து, இந்த வேலைக்கு என்ன பரீட்சை எழுத வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு போயிருக்கிறாள். அது எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவள் பரீட்சையும் எழுதி, ஓட்டமும் ஓடி, இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகிவிட்டாள். பூமாலை பாறையில் ஏறி எனக்குத்தான் முதல் ஃபோன் போட்டார். இனி எங்க ஊர்லயே போலீஸ் இருக்குதுங்க, ஏட்டய்யா ரிட்டயராயிட்டாலும் கவலையில்ல என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை, பாருங்கள்.

தேர்வானவர்களின் நடத்தையை விசாரித்து அறிக்கை அனுப்புவது அந்தந்த ஸ்டேஷன் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் தேவிப்ரியா என்னைக் கூப்பிட்டனுப்பினார். வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. என் மகள் வயசு இருக்கும், குரல் உயர்த்திப் பேசமாட்டார், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பயம். மேஜைமேல் சந்தியாவின் படிவம் இருந்தது. தங்கள் மீது குற்றவழக்கு ஏதேனும் உண்டா, உண்டெனில் விவரம் என்ற கேள்விக்கு எதிரே, கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள். படிங்க சார் என்று என் பக்கம் தள்ளினார்.

என் மேல் இல்லை. எங்கள் குடி முறைக்கு, அப்பாவுக்குக் கால் முடியாததால் நான் போனேன். எங்கள் ஊரில் யாரும் சாராயம் காய்ச்சுவதில்லை. ஏட்டய்யா கண்ணாயிரம் அவர்கள் என் பெயரை எழுதிக்கொண்டு சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் நல்லவர்கள்.

கடைசி வரியைப் படித்தபோது எனக்குக் காது சுட்டது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. கேஸ் என்பது ஆளின்மேல் ஒட்டிக்கொண்டு கூடவே வரும் என்று கீழே இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர்களுக்கு அது குடியின் முறை. முறை முடிந்தால் முடிந்தது, குழி எடுத்தவன் கையில் மண் ஒட்டிக்கொண்டா இருக்கிறது? அந்த நினைப்பை வளர்த்ததும் நாங்கள்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று பதினோரு வருஷமாக நான்தானே சொன்னேன்!

தேவிப்ரியா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"இது பொய்னா, பொய்னு அவளே எழுதித் தரட்டும். நிஜம்னா, நீங்க எழுதித் தாங்க. வெள்ளிக்கிழமை இந்த ஃபைல் கீழ போயாகணும்."

அவள் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தண்டனை பெற்றவருக்குப் போலீஸ் வேலை கிடையாது, அத்தோடு முடிந்தது என்றார். நான் எழுதினால்? அதை வைத்து அவள் ஹைகோர்ட்டில் தீர்ப்பை உடைக்கக் கேட்கலாம், கேஸ் போட்டவனே பொய்க் கேஸ் என்று சொன்னால் வழி இருக்கிறது, அதுவரை அவள் இடத்தை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்கு என்ன ஆகும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சஸ்பென்ஷன். என்மேலேயே கேஸ் வரலாம். பென்ஷன் போகலாம். ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் பதினாலு மாசம் இருந்தது.

கூசாமல் சொல்கிறேன், வியாழக்கிழமை காலை நான் குன்னிமேட்டுக்குக் கிளம்பியது அவளை எழுத வைப்பதற்காகத்தான். பையில் புதுப் படிவம் ஒன்றும் பேனாவும் இருந்தன. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சின்னப் பெண், வேறு வேலை கிடைக்கும். அங்கன்வாடி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, நானே சொல்லி வாங்கித் தருகிறேன். எனக்கு இந்த வயசில் வேறு என்ன இருக்கிறது? ஓடையைத் தாண்டும்போது, ராசுவைச் சுமந்த இடம் வந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தேன்.

பத்தரை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன். கதிரடிக்கும் களத்து ஓரத்தில் மணல் கொட்டிய குழி ஒன்று இருந்தது. இது என்ன என்று கேட்டதற்கு, சந்தியா நீளம் தாண்டிப் பழகிய குழி என்றார்கள். அந்த மண்ணில் மணல் கிடையாது. ஓடையிலிருந்து ஆறு கிலோமீட்டர், கூடை கூடையாக ஊரே சுமந்து கொட்டியிருக்கிறது. அதிலும் முறை வைத்துத்தான்.

நான் விசாரணைக்கு வருவேன் என்று எதிர்பார்த்திருந்தார்கள். நல்ல காரியத்துக்கு வந்தவனாக நினைத்துக்கொண்டு ராசு வீட்டில் கோழி அடித்துவிட்டார்கள். குடகிலிருந்து திரும்பியிருந்த காசியம்மாள், டிரெய்னிங்குக்குப் பெட்டி வாங்க வேண்டுமா, பை போதுமா என்று கேட்டாள். சந்தியா வாசலில் நின்று, கை இரண்டையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு எனக்கு சல்யூட் அடித்தாள். விளையாட்டுக்குத்தான். சரியாகவே அடித்தாள். எனக்கு வந்த வழியே ஓடிவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்குள் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூமாலையிடம் ஊரைக் கூட்டச் சொன்னேன். கோயிலுக்கு முன்னால் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கேஸ் சந்தியா பேரில் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது, அது இருக்கிறவரை அவளுக்குப் போலீஸ் வேலை கிடையாது என்று சொன்னேன். அவர்களுக்குப் புரிய நேரம் பிடித்தது. அபராதம் கட்டினோமே என்றார் ஒருவர். சாயங்காலம் விட்டுவிட்டார்களே என்றார் இன்னொருவர். சந்தியாவுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. ஓரமாக நின்றுகொண்டிருந்தவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

பூமாலை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை என்கிற தோரணையில் பேசினார்.

"அந்தப் பொண்ணு பேரை எடுத்துப்புட்டு வேற பேரைப் போட்டுக்குங்க. ஆளு நாங்க தர்றோம்."

சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் எழுந்து நின்றார். பிறகு இன்னொருவர். என் பேரை எழுதுங்க என்று ஆறேழு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு கைக்குழந்தைக்காரியும் உண்டு. அவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். எல்லோருடைய பேரையும் ஏற்கெனவே ஒரு தடவையாவது எழுதியவன் நான்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் கத்தினேன். கோர்ட்டில் ஏறிய பேர் மாறாது, உங்கள் ஊர் வரிசை அங்கே செல்லாது, நீங்கள் பாட்டுக்கு ஆள் மாற்றி ஆள் நிற்பீர்கள், உங்களுக்கெல்லாம் ரோஷமே கிடையாதா என்று கேட்டேன். சரிதானுங்க, அப்ப அது எப்படித்தான் மாறும் என்று பூமாலை பொறுமையாகக் கேட்டார். கத்திக்கொண்டிருந்த வேகத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது. கேஸ் போட்டவனே அது பொய் என்று எழுதிக் கொடுத்தால் ஒருவேளை மாறலாம் என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவரை பேசாமலிருந்த காசியம்மாள்தான் வாயைத் திறந்தாள். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. வரிசையை யோசித்துச் சொல்கிறவள்போலத்தான் சொன்னாள்.

"கடைசி வூட்டுக்கு அடுத்த எலை ஒங்களுது. முறையும் அங்கதான் வந்து நிக்கணும். இத்தினி வருசம் நாங்க தாண்டிக்கினு போயிட்டோம்."

அம்மா, வுடு என்றாள் சந்தியா, தலையைத் தூக்காமல். ராசு கம்பை ஊன்றி எழுந்துகொண்டான். காலைத் தூக்கி வைக்க முடியாமல் அதே இடத்தில் நின்றபடி மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"அவரு என்னெ முதுவுல தூக்கிக்கினு போனவரு. அவருகிட்ட முறை கேக்காத."

காசியம்மாள் கேட்டதைக்கூட நான் தாங்கியிருப்பேன். சட்டம், பென்ஷன், குடும்பம் என்று நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். ராசு எனக்காகப் பேசியது நெஞ்சில் அடித்தது. ஒரு தடவை தூக்கியதற்காக இத்தனை வருஷம் இந்த ஊரின் முதுகில் நான் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவன் மகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அவனோ என் பக்கம் நின்று பேசுகிறான். மானங்கெட்டவனே என்று அங்கே யாராவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை.

பையிலிருந்த படிவத்தைத் தொட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

"இல்ல ராசு. காசியம்மா கணக்கு சரிதான். முறை என்னுது. இன்னைக்கே போறேன்."

அதற்கு யாரும் கைதட்டவில்லை, காலில் விழவில்லை. பூமாலை தலையை ஆட்டினார், அவ்வளவுதான். முறை வந்தவர் போகிறேன் என்று சொன்னால் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதானே. தன் தோள் துண்டை எடுத்து என் முன்னால் விரித்தார். அவர்கள் வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். கோயில் பக்கத்து வீட்டிலிருந்து வரிசையாக, வீட்டுக்கு ஒரு கைப்பிடி சாமை துண்டில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். என் வீட்டில் அரிசி இருக்கிறது, எனக்கு எதற்கு இது? ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. முப்பத்தொரு கைப்பிடியும் விழும்வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். காசியம்மாள் தன் பங்கைப் போடும்போது, ஒன்று போட்டுவிட்டு இன்னொரு கைப்பிடியும் போட்டாள். என் கண் கலங்கிவிட்டது, மறைத்துக்கொள்ளவில்லை.

கோழிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். கூடப்போய்க் காத்திருக்கிற வேலை எப்போதும் பூமாலையுடையது. அவர் செருப்பை மாட்டும்போது சந்தியா, நான் போறேன் மாமா என்று சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

ஆறு கிலோமீட்டர் இறங்கினோம். அவள் முன்னால் நடந்தாள். என் முழங்கால் தெரிந்து, இறக்கத்தில் நின்று நின்று போனாள். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. நடுவில் நின்று, இங்கதானுங்களே அப்பாவைத் தூக்கினீங்க என்று ஒன்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி நாலு. இன்ஸ்பெக்டர் ஃபோனில் இருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பெட்டிஷன் கொண்டுவருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு அது. பதினோரு வருஷத்தில் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. பலகை ஒரு பக்கம் ஆடும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆண்டாளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று எடுத்தேன். நம்பரை அழுத்தாமலே திரும்பப் பையில் வைத்தேன். சந்தியா அதைப் பார்த்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணும் ஆவாதுங்க. சாயங்காலம் வூட்டுக்குப் போயிடலாம்."

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பழிக்குப் பழியாகச் சொல்கிறாளோ என்று தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. முறைக்குப் போகிறவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான் என்று அவள் நினைத்திருக்கிறாள். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. ஒருவராவது அதை நம்பியிருப்பார்களா என்று எனக்கு இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுதி வாங்கினீங்களா என்று கேட்டார் தேவிப்ரியா. எடுத்துப்போன படிவத்தை எழுதாமலே மேஜைமேல் வைத்து, ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். அவர் தாளைக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து எழுதுங்க சார் என்று தன் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

முதலில் பெயர் எழுத வேண்டும். கண்ணாயிரம் என்று எழுதினேன். பிறகு சந்தியாவின் கேஸ் நம்பர், தேதி, அன்று அவள் எந்த ஊறல் பக்கமும் போகவில்லை என்பது, ஸ்டேஷனுக்கு அவளாக வந்து நின்றது, நான் சொன்னது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. குன்னிமேட்டின் மற்ற பேர்களும் வரிசையாக வந்தன, கோயில் பக்கத்து வீட்டிலிருந்து. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை இன்னும் தாள் எடுத்து வைத்தார்.

வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. அது ஸ்டேஷன் வாசலில் நின்று, ஹார்ன் அடித்து, கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் அப்போது பதினேழாவது வீட்டில் இருந்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும், கிளம்பு, இது முடிய நேரம் ஆகும் என்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் மூட்டையோடு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பஸ் போனதை அவளும் பார்த்தாள். எழுந்துகொள்ளவில்லை. நான் திரும்பி பதினெட்டாவது வீட்டுப் பேரை எழுதினேன்.